வயிற்றைச் சுருக்கும் ஆபரேஷன்: மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் அப்பா தோட்டத்து டிரசர், அதாவது மருத்துவ உதவியாளர். லயத்தில் யாருக்குக் காய்ச்சல் என்றாலும் ராத்திரியில் எங்கள் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். நான் 31 ஆண்டுகள் ஸ்டாஃப் நர்ஸாக, பெரும்பாலும் அறுவை சிகிச்சை வார்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். தோட்டத்து ஜனம் பாதி தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடுகளுக்கு வந்துவிட்டது, நானும் வந்துவிட்டேன். கதவு தட்டுவது மட்டும் நிற்கவில்லை. செம்பனை லாரி ஓட்டும் என் தம்பி சில வருஷங்களுக்கு முன்பு இரைப்பையைச் சுருக்கும் ஆபரேஷன் செய்துகொண்டான். அப்போதிருந்து கோயிலிலும் மார்க்கெட்டிலும் என்னைப் பார்க்கிறவர்கள் ‘மிஸ்ஸி’ (நர்ஸம்மா) என்று கூப்பிட்டுக் கேட்கும் கேள்விகளை, அவர்கள் கேட்ட வார்த்தையிலேயே இங்கே எழுதுகிறேன். உங்கள் டாக்டர் சொல்வதற்கு இது மாற்றாகாது. அவரிடம் போகும்போது என்ன கேட்பது என்று தெரிந்திருக்கட்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

மிஸ்ஸி, கொழுப்பை வெட்டி எடுத்துவிடுவார்களா?

இல்லை. கொழுப்பை உறிஞ்சி எடுப்பது வேறு, அது அழகுக்காகச் செய்வது. இங்கே கைவைப்பது இரைப்பையிலும் குடலிலும். இரண்டு வகையைத்தான் அதிகம் கேள்விப்படுவீர்கள். ஒன்று ஸ்லீவ்: இரைப்பையின் நாலில் மூன்று பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிட்டு, மீதியை வாழைப்பழம் போன்ற ஒரு குழாயாக விட்டுவிடுவார்கள். இன்னொன்று பைபாஸ்: இரைப்பையின் மேல்பக்கம் ஒரு முட்டை அளவுக்குச் சின்னப் பை மட்டும் அமைத்து, சிறுகுடலைக் கீழிருந்து கொண்டுவந்து அதில் இணைத்துவிடுவார்கள். சாப்பாடு பெரிய இரைப்பையையும் குடலின் முதல் பகுதியையும் தொடாமல் போய்விடும். இரண்டையுமே வயிற்றில் சின்னச் சின்னத் துளை போட்டு, கேமரா வைத்துத்தான் செய்கிறார்கள்.

இடம் சின்னதாகிவிட்டது, அதனால் எடை குறைகிறது என்று பலரும் நினைக்கிறார்கள். அது பாதிதான். பசியைத் தூண்டும் ஹார்மோன் குறைகிறது, வயிறு நிறைந்தது என்று மூளைக்குச் சொல்லும் ஹார்மோன்கள் கூடுகின்றன. ‘சட்டியில் சோறு இருக்கும், கை போகாது’ என்று தம்பி ஆரம்ப மாதங்களில் சொன்னான். அவன் வாயிலிருந்து அப்படி ஒரு சொல்லை நான் அதற்கு முன் கேட்டதே இல்லை.

எனக்குச் செய்வார்களா? எத்தனை கிலோ இருக்க வேண்டும்?

கிலோவை மட்டும் பார்ப்பதில்லை, உயரத்தோடு சேர்த்து பி.எம்.ஐ. என்று ஒரு கணக்குப் போடுவார்கள். எடையை உயரத்தால் இரண்டு தடவை வகுக்க வேண்டும். 160 சென்டிமீட்டர் உயரமும் 96 கிலோ எடையும் உள்ள பெண்ணுக்கு 96ஐ 1.6ஆல் வகுத்து, வருவதை மறுபடியும் 1.6ஆல் வகுத்தால் 37.5. உலக அளவில் இந்தத் துறை மருத்துவர்களின் சங்கங்கள் 2022இல் விதிகளைத் திருத்தின. பி.எம்.ஐ. 35ஐத் தொட்டாலே, வேறு நோய் இல்லாவிட்டாலும், ஆபரேஷனைப் பரிந்துரைக்கலாம். 30க்கு மேல் இருந்து இனிப்பு நீர் (நீரிழிவு) போன்ற நோயும் இருந்தால் யோசிக்கலாம். ஆசியர்களுக்கு 27.5லிருந்தே பேசலாம் என்கிறது அதே அறிக்கை. நம் ஆட்களுக்குக் குறைந்த எடையிலேயே வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு சேர்ந்து இனிப்பு நீர் வந்துவிடுகிறது, அதனால்தான். ஆனாலும் எண் வந்துவிட்டது என்பதற்காக உடனே மேசையில் ஏற்ற மாட்டார்கள். மருத்துவமனைக்கு மருத்துவமனை அளவு மாறும். உணவு நிபுணர், மயக்க மருந்து டாக்டர், பல இடங்களில் மனநல டாக்டரும் பார்த்த பிறகுதான் தேதி கிடைக்கும்.

2023ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் பெரியவர்களில் 54.4 விழுக்காட்டினர் அதிக எடை அல்லது உடல் பருமன் உள்ளவர்கள். இனிப்பு நீரில் இந்தியர்கள்தான் முன்னால் நிற்கிறோம். 2019 ஆய்வில் நம்மில் 31.4 விழுக்காட்டினருக்கு அது இருந்தது. பத்துப் பேர் ஒரு மேசையில் பசியாற உட்கார்ந்தால் மூன்று பேர்.

எவ்வளவு குறையும்? திரும்ப ஏறிவிடும் என்கிறார்களே?

ஒன்று, ஒன்றரை ஆண்டில் ஸ்லீவில் மொத்த எடையில் கால் பங்கு அளவும், பைபாஸில் 30 விழுக்காடு அளவும் குறைவது வழக்கம். 120 கிலோ உள்ளவர் 90க்கோ அதற்குச் சற்றுக் கீழேயோ வருவார். 60 கிலோவுக்கு வந்து நிற்பேன் என்று கனவு கண்டால் ஏமாற்றம்தான்.

இரண்டாம் ஆண்டுக்குப் பிறகு கொஞ்சம் ஏறும். என் தம்பி 142 கிலோவில் படுத்தவன் 101 வரை இறங்கினான், இப்போது 108. ‘தோற்றுவிட்டேன் அக்கா’ என்று ஒரு நாள் வந்து உட்கார்ந்தான். 34 கிலோ இல்லாமல் நிற்கிறான், மூட்டு வலி இல்லாமல் லாரிப் படியில் ஏறுகிறான், இதில் தோல்வி எங்கே இருக்கிறது? கொஞ்சம் ஏறுவது உடம்பின் இயல்பு. மளமளவென்று ஏறினால் டாக்டரைப் பாருங்கள், அதற்கும் மருந்தும் வழியும் உண்டு.

சுவீடனில் 1987இல் தொடங்கி, ஆபரேஷன் செய்துகொண்டவர்களையும் செய்யாதவர்களையும் பல ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். செய்துகொண்டவர்கள் சராசரியாக 3 ஆண்டுகள் அதிகம் வாழ்ந்தார்கள் என்று 2020இல் எழுதினார்கள். எடைத் தராசைவிட எனக்கு அந்த மூன்று ஆண்டு பெரிது.

இனிப்பு நீர் போய்விடுமா?

பலருக்கு ஆபரேஷன் முடிந்த சில நாட்களிலேயே, எடை குறையும் முன்பே, சர்க்கரை இறங்க ஆரம்பித்துவிடும். வார்டில் இன்சுலின் அளவைத் தினமும் குறைத்துக்கொண்டே வருவோம். நோய் வந்து சில வருஷமே ஆனவர்களுக்கு, இன்சுலின் போடாதவர்களுக்குப் பலன் அதிகம். இருபது வருஷமாக இருக்கிறவர்களுக்கு முழுதாக அடங்குவது கடினம், மருந்து குறையும்.

அமெரிக்காவில் 150 நோயாளிகளை வைத்துச் செய்த ஓர் ஆய்வின் ஐந்தாண்டு முடிவு 2017இல் வந்தது. மூன்று மாதச் சர்க்கரை அளவு (HbA1c) 6க்கு மேல் போகாமல் இருந்தவர்கள், மருந்து மட்டும் எடுத்தவர்களில் 5 விழுக்காடு, ஸ்லீவில் 23, பைபாஸில் 29. இதை இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும். மருந்தைவிடப் பலன் பல மடங்கு. ஆனாலும் பைபாஸ் செய்தவர்களிலேயே பத்தில் ஏழு பேர் அந்த அளவை எட்டவில்லை. அடங்கிய நோய் திரும்பவும் வரலாம். கண், கால், சிறுநீரகச் சோதனையை நிறுத்திவிடாதீர்கள். மாத்திரையை நீங்களாகவும் நிறுத்தாதீர்கள்.

ஸ்லீவ் நல்லதா, பைபாஸ் நல்லதா?

நெஞ்செரிச்சல் ஏற்கெனவே இருந்தால் அதை முதலில் சொல்லுங்கள். ஸ்லீவ் அதைக் கூட்டிவிடலாம். பின்லாந்தில் 240 பேரை இரண்டாகப் பிரித்து, பத்து ஆண்டு கழித்துக் கேமரா விட்டுப் பார்த்தபோது, உணவுக்குழாயில் புண் ஸ்லீவ் செய்தவர்களில் 31 விழுக்காட்டினருக்கும் பைபாஸ் செய்தவர்களில் 7 விழுக்காட்டினருக்கும் இருந்தது. எடையும் பைபாஸில் கொஞ்சம் கூடுதலாகக் குறைகிறது. மறுபக்கம், பைபாஸில் சத்துக் குறைபாடு அதிகம், குடல் சிக்கிக்கொள்ளும் ஆபத்தும் உண்டு. ஸ்லீவில் வெட்டி எடுத்ததைத் திரும்ப வைக்க முடியாது.

செத்துப் போய்விடுவேனா?

இந்தக் கேள்வியைச் சுற்றி வளைக்காமல் கேட்கிறவர்களை எனக்குப் பிடிக்கும். அமெரிக்காவில் பல மருத்துவமனைகளைச் சேர்த்துப் பார்த்து 2009இல் வந்த பெரிய ஆய்வில், முதல் 30 நாளில் இறந்தவர்கள் 0.3 விழுக்காடு, அதாவது ஆயிரத்தில் மூன்று பேர். பெரிய சிக்கல் வந்தவர்கள் நூற்றில் நான்கு பேருக்குச் சற்று மேல். அனுபவமுள்ள இடங்களில் இப்போது அது இன்னும் குறைந்திருக்கிறது. பூஜ்யம் ஆகவில்லை. மூன்று விஷயங்களுக்குப் பயப்பட வேண்டும்: தையல் கசிவது, உள்ளே இரத்தம் கசிவது, காலில் கட்டிய இரத்தம் நுரையீரலுக்குப் போய் அடைப்பது. அன்று சாயங்காலமே உங்களை எழுப்பி நடக்க வைப்பார்கள். வலிக்கிறது என்று நர்ஸைக் கோபிக்க வேண்டாம், அந்த நடை இரத்தம் கட்டாமல் காப்பாற்றும்.

கசிவு என்றால் என்ன? உங்கள் தம்பிக்கு அதுதானே ஆனது?

ஆமாம். வெட்டிய இரைப்பையை வரிசையாக உலோக ஊசி போட்டு மூடுவார்கள். அதில் ஓர் இடம் ஆறாமல் திறந்துகொண்டால் உள்ளே இருப்பது வயிற்றுக்குள் வழியும். ஸ்லீவில் நூற்றுக்கு ஒருவர், இருவருக்கு வரலாம். பெரும்பாலும் மேல்முனையில், உணவுக்குழாய் சேரும் இடத்துக்குப் பக்கத்தில் வரும். வீட்டுக்கு வந்த பிறகுதான் பலருக்குத் தெரியும். நமக்கு அதுதான் முக்கியம். ஆபரேஷன் செய்த டாக்டர் ஈப்போவிலோ கோலாலம்பூரிலோ இருப்பார், நாம் இங்கே இருப்போம்.

ஆறாம் நாள் காலை தம்பி, ‘இடது தோள்பட்டை வலிக்கிறது, படுத்த வாகு சரியில்லை போல’ என்றான். காய்ச்சல் பெரிதாக இல்லை, 37.4. வயிறு லேசாகத்தான் வலித்தது. ஆனால் மல்லாந்து படுக்க முடியவில்லை, நாற்காலியில் முன்னால் சாய்ந்தே உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் ஒரு கிளினிக்கில் காட்டினோம். கேஸ்ட்ரிக் என்று ஓர் ஊசி போட்டு அனுப்பினார்கள். மத்தியானம் அவன் மணிக்கட்டில் விரல் வைத்தேன். சுவரிலிருந்த கடிகாரத்தைப் பார்த்து எண்ணினேன்: 128. சும்மா உட்கார்ந்திருக்கும் மனிதனுக்கு 128. அப்போதுதான் எனக்கு உறைத்தது. வயிற்றுக்குள் சீழ் சேர்ந்து, நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே உள்ள உதரவிதானத்தைத் தொட்டால் வலி தோளில் தெரியும் என்று எத்தனையோ பயிற்சி நர்ஸ்களுக்கு நானே சொல்லிக் கொடுத்திருக்கிறேன். சொந்தத் தம்பி என்றதும் நல்லதையே நினைக்கத் தோன்றிவிட்டது, அரை நாள் போனது.

அன்று ராத்திரியே ஆபரேஷன் நடந்த இடத்துக்குக் கொண்டுபோனோம். சி.டி. எடுத்தார்கள், மேல்முனையில் கசிவு. சீழ் வடியக் குழாய், உள்ளே கசிவை மறைக்க ஒரு ஸ்டென்ட் குழாய், மூக்கு வழியே பால். ஐந்து வாரம். பிழைத்துக்கொண்டான்.

அப்படியானால் எப்போது ஓட வேண்டும்?

முதல் மாதத்தில் தினமும் இரண்டு வேளை நாடித்துடிப்பை எண்ணுங்கள். மணிக்கட்டில் எண்ணத் தெரியாவிட்டால், இரத்தக் கொதிப்பு பார்க்கும் மெஷினே காட்டும். ஓய்வில் 100க்குக் கீழே வராமலே இருந்தால் டாக்டரைக் கூப்பிடுங்கள். 120ஐத் தாண்டினால் கூப்பிட்டுக்கொண்டே கிளம்புங்கள். காய்ச்சல், கூடிக்கொண்டே போகும் வயிற்று வலி, இடது தோள் வலி, மூச்சு வாங்குவது, ஒரு கால் மட்டும் வீங்குவது, கறுப்பாகத் தார் போல மலம், தண்ணீர்கூட இறங்காத வாந்தி, இதில் எதுவுமே கேஸ்ட்ரிக் மருந்தோடு வீட்டில் காத்திருக்கும் விஷயம் இல்லை. மூச்சு முட்டினால், மயங்கினால் 999.

பைபாஸ் செய்தவர்களுக்கு இன்னொன்று, இது வருஷங்கள் கழித்தும் வரும். எடை குறைந்ததும் குடலைச் சுற்றிய கொழுப்பு கரைந்து உள்ளே இடுக்கு உண்டாகும், அதில் குடல் நுழைந்து முறுக்கிக்கொள்ளலாம். சாப்பிட்ட பிறகு பிடித்துப் பிடித்து வரும் வயிற்று வலி, வரும் போகும். சாதா எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாமல் போகலாம். ‘எனக்குப் பைபாஸ் ஆகியிருக்கிறது’ என்று நுழைந்ததும் சொல்லுங்கள். வெறும் ‘பைபாஸ்’ என்றால் நெஞ்சு ஆபரேஷன் என்று நினைத்துக்கொள்வார்கள், ‘இரைப்பை பைபாஸ்’ என்று முழுதாகச் சொல்லுங்கள். டிஸ்சார்ஜ் தாளைப் படம் எடுத்துப் போனில் வைத்திருங்கள், வீட்டில் இன்னொருவர் போனிலும்.

வாந்தி வருவது சகஜம்தானே?

அவசரமாக விழுங்கினால் ஒரு தடவை வரும், அது சகஜம். இரண்டு மூன்று நாள் தொடர்ந்தால் சகஜம் இல்லை. உடம்பில் பி1 வைட்டமின் சில வாரத்துக்குத்தான் இருப்பு. வாந்தியும் பட்டினியுமாக இருந்தால் அது தீர்ந்து, பார்வை இரண்டாகத் தெரியும், நடை தள்ளாடும், பேச்சுக் குழம்பும். குடித்துவிட்டுத் தள்ளாடுகிறார் என்றுகூட நினைத்துவிடுவார்கள். தாமதித்தால் மூளைக்கு நிரந்தரப் பாதிப்பு. கிளினிக்கில் குளுக்கோஸ் ஏற்றப் போகிறார்கள் என்றால் ‘முதலில் பி1 கொடுங்கள் டாக்டர்’ என்று கேளுங்கள். குளுக்கோஸ் மிச்சமிருக்கும் பி1ஐயும் தின்றுவிடும். கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை.

அப்புறம் என்னதான் சாப்பிடுவது? தே தாரிக் குடிக்கலாமா?

முதல் இரண்டு வாரம் நீராகாரம், அடுத்து மசித்தது, அப்புறம் மென்மையானது, ஆறு முதல் எட்டு வாரத்தில் வழக்கமான சாப்பாடு, சின்னத் தட்டில். புரதம்தான் முதலில், ஒரு நாளைக்கு 60 கிராமாவது. ஒரு முட்டையில் 6 கிராம், 100 கிராம் மீனில் ஏறக்குறைய 20, அதே அளவு தெம்பேயிலும் (புளிக்க வைத்த சோயாக் கட்டி) ஏறக்குறைய அவ்வளவு. சைவக்காரர்களுக்குத் தெம்பேயும் தௌஃபூவும் (டோஃபு) பெரிய துணை. பருப்புக் குழம்பின் தெளிவை ஊற்றிக்கொண்டு ‘பருப்பு சாப்பிட்டேன்’ என்று சொல்ல வேண்டாம், அடியில் இருப்பதை அள்ளுங்கள். சோறு உள்ளே போய் உப்பும், சிலருக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் ஒத்துக்கொள்ளும். ரொட்டி சானாய் பிசின் மாதிரி அடைத்துக்கொள்ளும். சாப்பிடும்போது தண்ணீர் குடிக்காதீர்கள், அரை மணி நேரம் விடுங்கள்.

தே தாரிக் (இனிப்புப் பால் தேநீர்), சிராப் பண்டோங் (ரோஜா சிரப் கலந்த பால்) இரண்டும் வேண்டாம். பைபாஸ் செய்தவர்களுக்கு அவ்வளவு சர்க்கரை நேராகக் குடலில் கொட்டும். அரை மணிக்குள் வேர்த்து, படபடத்து, வயிற்றைப் புரட்டிப் பேதியாகும். சிலருக்கு ஒன்றிலிருந்து மூன்று மணி நேரம் கழித்துச் சர்க்கரை தடாலென்று இறங்கி மயக்கமே வரும். லாரி, மோட்டார்சைக்கிள் ஓட்டுகிறவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

வைட்டமின் எத்தனை மாதம்?

சாகும்வரை. இதை மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன், யாரும் கேட்கவில்லை, அதனால் இப்படியே சொல்கிறேன். பி12 உடம்பில் சில வருஷத்துக்கு இருப்பு இருக்கும். அதனால் மாத்திரையை விட்டவர்களுக்கு முதல் வருஷம் ஒன்றும் தெரியாது. மூன்றாம் வருஷம் கால் மரத்துப் போகும், இரத்தம் குறையும், அப்போது இந்த ஆபரேஷனை யாரும் நினைத்துப் பார்க்க மாட்டார்கள். பல சத்து மாத்திரை, பி12, இரும்புச் சத்து, கால்சியம், வைட்டமின் டி, இவை அடிப்படை. அளவை இரத்தப் பரிசோதனை பார்த்து டாக்டர் சொல்வார். இரும்பையும் கால்சியத்தையும் ஒன்றாக விழுங்காதீர்கள், இரண்டு மணி நேரமாவது தள்ளி எடுங்கள். இரும்பு மாத்திரையைத் தேநீரோடு குடித்தால் அதில் பெரும்பகுதி சேராமலே போய்விடும்.

முடி கொட்டுமா?

மூன்றாம் மாதத்திலிருந்து ஆறாம் மாதம் வரை கொட்டும். பெரும்பாலும் திரும்ப வளரும். புரதமும் இரும்பும் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மாதவிலக்கு வலிக்குப் பொன்ஸ்தான் போடலாமா?

வேண்டாம். பைபாஸ் செய்திருந்தால் கண்டிப்பாக வேண்டாம். பொன்ஸ்தான், வோல்டரென், புருஃபென் எல்லாம் ஒரே குடும்பம், இணைப்பு வைத்த இடத்தில் புண்ணாக்கும், ஓட்டையும் விழலாம். சிகரெட்டும் அதே வேலையைச் செய்யும். பாராசிட்டமால் போடுங்கள். மருந்துக்கடையில் ‘வலி மாத்திரை கொடுங்கள்’ என்று மட்டும் கேட்காமல், ஆபரேஷன் விவரத்தையும் சொல்லுங்கள்.

பித்தப்பையில் கல் வருமா?

வரலாம், வேகமாக இளைத்தால் யாருக்கும் வரும். அதைத் தடுக்க முதல் ஆறு மாதம் மாத்திரை கொடுப்பது உண்டு.

தண்ணி போடலாமா மிஸ்ஸி? விசேஷத்துக்கு மட்டும்?

இதை ஆண்கள் தனியாக வந்து, குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள். பைபாஸுக்குப் பிறகு, ஸ்லீவுக்குப் பிறகும்கூட, மது இரத்தத்தில் மளமளவென்று ஏறும். முன்பு மூன்று பாட்டில் தாங்கியவருக்கு ஒன்றே போதும். அமெரிக்க ஆய்வு ஒன்றில், குடிப் பிரச்சினை உள்ளவர்களின் பங்கு ஆபரேஷனுக்கு முன்பு 7.6 விழுக்காடு, இரண்டாம் ஆண்டில் 9.6. சாப்பாட்டில் தேடிய ஆறுதலைச் சிலர் கிளாஸில் தேட ஆரம்பிக்கிறார்கள். சம்சு என்ற மலிவுச் சாராயம் நம் லயங்களில் எத்தனை குடும்பத்தைத் தின்றிருக்கிறது என்று இந்த ஊரில் யாருக்கும் நான் சொல்லத் தேவையில்லை. குடிப்பழக்கம் இருந்தால் ஆபரேஷனுக்கு முன்பே மறைக்காமல் சொல்லுங்கள். மனைவிமார்களே, நீங்களும் சொல்லுங்கள்.

மனசும் அப்படித்தான். சிலருக்கு எடை இறங்க இறங்கச் சோர்வு ஏறும், உயிரை விடும் எண்ணம்கூட வரும். அதையும் சிக்கல்களில் ஒன்றாகவே எண்ணி டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

பிள்ளை பெற்றுக்கொள்ளலாமா?

தாராளமாக. 12 முதல் 18 மாதம் பொறுங்கள், எடை ஒரு நிலைக்கு வரட்டும். எடை குறைந்ததும் மாதவிலக்குச் சீராகி, வருஷக்கணக்கில் தங்காத கரு சட்டென்று தங்கிவிடும். பைபாஸுக்குப் பிறகு கருத்தடை மாத்திரையை நம்ப முடியாது, வேறு முறை கேளுங்கள். கர்ப்பத்தில் சர்க்கரைத் தண்ணீர் குடிக்கச் சொல்லிச் செய்யும் சோதனை பைபாஸ்காரர்களுக்கு ஒத்துக்கொள்ளாது. கிளினிக்கில் முதல் நாளே சொல்லிவிட்டால், விரலில் குத்திப் பார்க்கும் முறைக்கு மாற்றிக்கொள்வார்கள்.

தைப்பூசத்துக்குக் காவடி எடுக்க நேர்ந்திருக்கிறேன்.

முருகன் அடுத்த வருஷமும் ஈப்போ கல்லுமலையில்தான் இருப்பார். முதல் வருஷம் வேண்டாம் என்பது என் கருத்து. ஒரே மூச்சில் தண்ணீர் குடிக்க முடியாத வயிற்றோடு, வெயிலில், விரதத்தோடு, பாரம் சுமந்து நடந்தால் நீர் வற்றி விழுந்துவிடுவீர்கள். ஒரு வருஷம் கழித்து டாக்டர் சரி என்றால் பால்குடம் எடுங்கள். விரதத்திலும் புரதத்தையும் மாத்திரையையும் விடாதீர்கள்.

ஊசி போட்டாலே இளைக்கிறதாமே, ஆபரேஷன் எதற்கு?

செமாகுளுடைட் ஊசியில் சராசரியாக 15 விழுக்காடு, டிர்செபடைடின் உச்ச அளவில் 20 விழுக்காட்டுக்குச் சற்று மேல் என்று ஆய்வுகள் காட்டின. நல்ல மருந்துகள்தான். நிறுத்தினால் எடை பெருமளவு திரும்புகிறது, மாதா மாதம் செலவும் உண்டு. பி.எம்.ஐ. ரொம்பக் கூடியவர்களுக்கு ஆபரேஷன்தான் இன்னும் அதிகம் குறைக்கிறது.

சோம்பேறிக்குத்தான் ஆபரேஷன் என்று மாமியார் சொல்கிறார்.

என் தம்பி விடியற்காலை பெரட்டு நேரத்துக்கு (தோட்டத்தில் ஆள் கணக்கெடுக்கும் நேரம்) எழுந்து நாள் முழுக்க வேலை பார்த்தவன். எட்டு தடவை டயட் இருந்து எட்டுத் தடவையும் எடை திரும்பியது. ராத்திரி மூச்சு நின்று நின்று வரும், பக்கத்து அறையில் படுத்து எண்ணிக்கொண்டே இருப்பேன். இது நோய். இருதய அடைப்புக்கு ஆபரேஷன் செய்தவரை யாரும் சோம்பேறி என்பதில்லை. மாமியாரை அடுத்த தடவை டாக்டரிடம் கூட்டிப் போங்கள். வீட்டில் சமைக்கிறவருக்குப் புரிய வேண்டியது நிறைய இருக்கிறது.

இரண்டு வருஷமாகச் செக்கப் போகவில்லை. இப்போது போனால் திட்டுவார்களே?

திட்டினால் வாங்கிக்கொள்ளுங்கள், போய்விடுங்கள். அதே ஆஸ்பத்திரிக்குப் போக முடியாவிட்டால் நம் ஊர் அரசாங்கக் கிளினிக்கிலேயே ஆரம்பிக்கலாம், கட்டணம் 1 வெள்ளி. இரத்த அளவு, இரும்பு, பி12, ஃபோலேட், கால்சியம், வைட்டமின் டி, மூன்று மாதச் சர்க்கரை, சிறுநீரகம், ஈரல், இவற்றைப் பார்க்க வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். அங்கே முடியாததற்கு ஸ்பெஷலிஸ்ட்டுக்குக் கடிதம் தருவார்கள். டிஸ்சார்ஜ் தாள் தொலைந்துவிட்டால் என்ன ஆபரேஷன், எந்த வருஷம் என்பதாவது ஞாபகம் இருக்கட்டும். எழுதத் தெரியாவிட்டால் வீட்டுக்கு வாருங்கள், நான் எழுதித் தருகிறேன். சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் இருப்பேன்.